ரத்தம் நார்மல் என்றால் தாடை மூட்டில் வாதம் இல்லை என்றுதானே அர்த்தம்?

3 ஜூன் 2023. புளியரைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

பையனுக்கு ஒன்பது வயது. முழங்கால் வாதத்துக்கு இரண்டு வருடமாக மருந்து சாப்பிடுகிறான். கால் இப்போது நன்றாக இருக்கிறது. ஆனால் வாய் திறந்தால் காதுக்குப் பக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். வலி இல்லை என்கிறான். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனைகள், ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., இரண்டும் நார்மல். பல் விழுந்து முளைக்கிற வயது, தானாகச் சரியாகும் என்கிறார்கள். ரத்தம் நார்மல் என்றால் தாடையில் வாதம் இல்லை என்றுதானே அர்த்தம்?

3 ஜூன், இரவு 11 மணி

இல்லை. என் மகளுக்கும் இரண்டும் நார்மல்தான். அதே வாரம் எடுத்த ஸ்கேனில் தாடை மூட்டின் எலும்பு தேய்ந்திருந்தது. கல்யாண ஆல்பம் ஒன்று பாதியில் நிற்கிறது, நாளை விவரமாக எழுதுகிறேன். அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். பையனின் பழைய பாஸ்போர்ட் போட்டோ எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள்.

4 ஜூன்

செங்கோட்டையில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோவைத் தேடச் சொன்னது தொழில் பாசத்தால் இல்லை.

மகளுக்கு நாலு வயதில், 2017இல், இடது முழங்கால் வீங்கியது. காலையில் நொண்டுவாள், பத்து மணிக்கு மேல் ஓடுவாள். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்று நானே திட்டியிருக்கிறேன். வாத டாக்டர் பார்த்துவிட்டு, இது குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்றார். பதினாறு வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணம் எதுவும் அகப்படாவிட்டால் இந்தப் பெயர் வைப்பார்களாம். முழங்காலில் ஒரு ஊசி, கொஞ்ச காலம் மாத்திரை, சரியாகிவிட்டது. 2020 தொடக்கத்தில் மருந்தை நிறுத்தினார்கள். மார்ச்சில் ஊரடங்கு. மறுபரிசோதனைக்குப் போகவில்லை. கேரள எல்லை மூடியிருந்தது என்பது உண்மை. திறந்த பிறகும் போகவில்லை என்பதும் உண்மை.

2021 நவம்பரில் பள்ளிக்கூடம் திறந்தபோது அடையாள அட்டைக்கு நானே போட்டோ எடுத்தேன். நாடி, அதாவது முகவாய், ஒரு பக்கம் போயிருந்தது. தலையைச் சாய்த்துவிட்டாள் என்று நினைத்து மறுபடி எடுத்தேன், அப்போதும் அப்படியே. சரி என்று போட்டோஷாப்பில் நாடியை நடுவுக்கு இழுத்து வைத்து, பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஆமாம். பெற்ற பிள்ளையின் நோயை நானே மவுஸால் அழித்தேன்.

மூன்று வாரம் கழித்து பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிடப் போனோம். அவள் புரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைத்து, பல்லில்லாத கிழவி மாதிரி முழுங்கிக்கொண்டிருந்தாள். "கடிச்சு தின்னு" என்றேன். "கடிச்சா நேரமாகுதுப்பா" என்றாள். வலிக்குது என்று சொல்லவில்லை. நேரமாகுது என்றுதான் சொன்னாள். அன்று ராத்திரி கடைக்கு வந்து 2018, 2019, பொங்கல் 2021 என்று பழைய ஃபைல்களை வரிசையாகத் திறந்து பார்த்தேன். 2019இல் நேராக இருக்கிறது. 2021 பொங்கலில் லேசாக வலப்பக்கம் விலகல். நவம்பரில் யாருக்கும் தெரிகிற அளவு.

அப்புறம் ஸ்கேன், மூட்டில் ஒரு ஊசி, மருந்து. இப்போது பரவாயில்லை. ஒரு ஊசி போட்டாலே பாதி சரியாகிவிடும், பயப்படாதீர்கள்.

4 ஜூன், கொஞ்சம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன், பயமுறுத்துகிற மாதிரி இருக்கிறது. 'டொக்' சத்தம் மட்டும் என்றால் அது வாதம் இல்லாத பிள்ளைகளுக்கும் வரும், பெரியவர்களுக்கும் வரும். எனக்கே கொட்டாவி விட்டால் சத்தம் கேட்கும். உங்கள் பையனுக்கு ஏற்கனவே வாதம் இருப்பதால்தான் சும்மா விடாதீர்கள் என்கிறேன்.

6 ஜூன்

"மூட்டு வீங்கினால் வலிக்காதா, வலித்தால் பிள்ளை சொல்லாதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முழங்கால் வீங்கினால் கண்ணுக்குத் தெரியும். தாடை மூட்டு காதுக்கு முன்னால், சதைக்கு அடியில், சின்னதாக உட்கார்ந்திருக்கிறது. உள்ளே அழற்சி இருந்தாலும் வெளியே வீக்கம் பெரும்பாலும் தெரியாது. நிறைய பிள்ளைகளுக்கு வலியும் இருக்காது. வலித்தாலும் காதுவலி, தலைவலி என்றுதான் சொல்லும். எங்கள் வீட்டில் இரண்டு தடவை காதில் சொட்டு மருந்து விட்டோம். காது சுத்தமாக இருந்தது.

இன்னொன்றை டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கீழ்த்தாடை எலும்பின் மேல்நுனி உருண்டையாக இருக்கும். தாடை வளர்வதற்கான முக்கியமான இடம் அதுதான், அதுவும் மேல் தோல் மாதிரி இருக்கிற மெல்லிய குருத்தெலும்புக்கு நேர் கீழே. முழங்கால் மாதிரி வளர்ச்சித் தட்டு தள்ளி இல்லை. அழற்சி மூட்டில் தொடங்கினால் முதலில் அடிபடுவது வளர்ச்சிதான். ஒரு பக்கம் என்றால் நாடி அந்தப் பக்கமே சாயும். இரண்டு பக்கமும் என்றால் கோணல் தெரியாது, நாடி சின்னதாகிப் பின்னால் போகும், முன்பற்கள் ஒன்றோடு ஒன்று சேராது. அதனால் இரண்டு பக்கமும் வந்த பிள்ளையை இன்னும் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் ஆச்சி சொன்னது: "எங்க அம்மைக்கும் நாடி சின்னதுதான், பிள்ளை அவ சாயல்." சாயல் என்று சொன்னால் யார் டாக்டரிடம் போவார்கள்?

வாதம் உள்ள பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாடையில் வரும் என்று கேட்டால் ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை பயங்கரமாக மாறுகிறது. கையால் தொட்டுப் பார்த்து எண்ணினால் குறைவு, ஸ்கேன் எடுத்து எண்ணினால் அதிகம். மாறுவதற்குக் காரணமே அதுதான்.

7 ஜூன்

திருத்தம். வலப்பக்கம் என்று எழுதியிருந்தேன். தப்பு, இடப்பக்கம். பொங்கல் படம் வீட்டுக்காரி போனில் எடுத்த செல்ஃபி, அது கண்ணாடி மாதிரி இடவலம் மாறிச் சேமித்திருக்கிறது. ரிப்போர்ட்டில் இடது மூட்டு என்று தெளிவாக இருக்கிறது. இருபது வருடமாகப் போட்டோ எடுக்கிறவன் செல்ஃபியில் ஏமாந்தேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

10 ஜூன்

வீட்டில் எப்படிப் பார்ப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

ஸ்கேல். பள்ளிக்கூட பிளாஸ்டிக் ஸ்கேல் போதும், ஆனால் பூஜ்யம் நுனியிலேயே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் நுனியை அறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை நன்றாக வாய் திறக்கச் சொல்லி, மேல் முன்பல் விளிம்பிலிருந்து கீழ் முன்பல் விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். மூன்று தடவை, பெரியதை எழுதுங்கள். மாதம் ஒரு தடவை. ஒரு நாள் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு கட்டக் கூடாது. பிள்ளை வளரும்போது கூட வேண்டியது குறைந்துகொண்டே வந்தால் நோட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். என் மகளுக்கு முதல் தடவை 29. அவசரத்துக்கு, பிள்ளையின் சொந்த விரல் மூன்றை நெட்டுக்குத்தாக வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பார்க்கலாம். உங்கள் விரல் இல்லை, அதன் விரல்.

அப்புறம், மெதுவாகத் திறக்கும்போது நாடி நேராக இறங்குகிறதா என்று எதிரே உட்கார்ந்து பாருங்கள். தாடை முதலில் கதவு மாதிரி சுழலும், பிறகு மேசை டிராயர் மாதிரி முன்னால் வழுக்கும். நோய் உள்ள பக்கம் வழுக்காது. நாடி அந்தப் பக்கமே திரும்பிவிடும்.

போட்டோ. முகத்துக்குக் கிட்டே போனை வைத்து எடுக்காதீர்கள், மூக்கு பெருத்து நாடி சிறுத்துத் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று ஜூம் பண்ணுங்கள். பல்லைச் சேர்த்துக் கடித்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, நாடிக்குக் கீழிருந்து ஒன்று. பியூட்டி ஃபில்டரை அணையுங்கள். போட்டோஷாப் பற்றி நான் பேசத் தகுதியில்லை.

11 ஜூன்

ஞாயிற்றுக்கிழமை, ஒரு சிரிப்பு. நாங்கள் பார்ப்பது மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில். முதல் நாள் அங்கே டாக்டரம்மா "தாடிக்கு வேதனை உண்டோ மோளே" என்றார். மகள் என்னைப் பார்த்து, "எனக்குத் தாடியே இல்லையேப்பா" என்றாள். மலையாளத்தில் தாடி என்றால் நாடி. நான் விளக்குகிறேன் என்று "டாக்டர், நாடியில் வலி இல்லை" என்றேன். அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்தார். அப்புறம் "வாய் துறக்கு" என்றார். இவள் வாயைத் துறந்து சன்னியாசம் போகவா என்று தமிழாசிரியர் மச்சான் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர் பக்கம்தான். எங்கள் தாத்தா இருந்திருந்தால் மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டிருக்காது.

18 ஜூன்

ஸ்கேன் பற்றி. முழு வாயும் தெரிகிற பல் எக்ஸ்ரே முதலில் எடுத்தார்கள். அதில் எலும்பு சிதைந்த பிறகுதான் தெரியும், தொடக்கம் தெரியாது. சி.டி. வகையும் அப்படித்தான், எலும்பைக் காட்டும், அழற்சியைக் காட்டாது. நடக்கிற அழற்சியைப் பார்க்க வேண்டும் என்றால் படத்தில் பளிச்சென்று காட்டுகிற கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். வாய் மூடி ஒரு தடவை, திறந்து ஒரு தடவை. அசையாமல் படுக்க வேண்டும், பெரிய சத்தம். சின்னப் பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுப்பார்கள். எங்களுடையவள் முந்தின நாள் சமையலறையில் இட்லிக் கொப்பரையைத் தட்டி, அந்தச் சத்தத்தில் அசையாமல் படுத்துப் பழகிக்கொண்டு போனாள். மயக்கம் தேவைப்படவில்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் விஷயம் முடிந்தது என்று ஒருவருக்குத் தனியாகப் பதில் போட்டிருந்தேன். முடியாது. நோய் இல்லாத பிள்ளையின் தாடை மூட்டிலும் துளி நீர் இருக்கும், கான்ட்ராஸ்ட் கொஞ்சம் ஏறும். அதைப் பார்த்துவிட்டு வாதம் என்று எழுதிவிடலாம். குழந்தைகளின் தாடை ஸ்கேன் பார்த்துப் பழகியவர் படிக்க வேண்டும், வாத டாக்டர் கையில் ஸ்கேலோடு உட்கார்ந்து சேர்த்துப் பார்க்க வேண்டும்.

19 ஜூன்

வேறு வேறு கேள்விகள் வந்திருக்கின்றன, சுருக்கமாக.

பாறசாலைக்காரர்: மாடியிலிருந்து விழுந்து நாடியில் அடிபட்ட பிள்ளைக்கு வாய் திறப்பது வருடாவருடம் குறைகிறது என்கிறீர்கள். அது வாதமாக இருக்க வாய்ப்பு குறைவு. மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொள்வது அப்படித்தான் நடக்கும், நம் நாட்டில் அதற்கு அடிபடுவதே பெரிய காரணம். முக அறுவை டாக்டரிடம் போங்கள், ஒத்திப்போடாதீர்கள்.

கடையநல்லூர்த் தம்பி, பதினேழு வயது, வாய் எரிகிறது, காரம் ஆகவில்லை, திறக்க முடியவில்லை. பாக்குப் பாக்கெட் போடுகிற பழக்கம் உண்டா? அப்படியென்றால் கன்னத்தின் உள்பக்கம் நார் நாராக இறுகுகிற நோய். பாக்கை இன்றே துப்பிவிட்டு, நாளையே பல் டாக்டரிடம் காட்டு. அதை வளரவிட்டால் புற்றுநோயாக மாறலாம்.

எண்ணெய் போட்டுத் தடவலாமா: நாங்கள் ஐந்து மாதம் தடவினோம். எண்ணெய் கெடுதல் செய்யவில்லை, ஐந்து மாதம் போனதுதான் கெடுதல். ஆனால் சுளுக்கு எடுக்கிறேன் என்று தாடையைப் பிடித்து இழுப்பவரிடம் மட்டும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

2 ஜூலை

ஜூன் 4இல் "ஒரு ஊசி போட்டாலே பாதி சரியாகிவிடும்" என்று எழுதினேனே, அதை வாபஸ் வாங்குகிறேன். படித்துவிட்டு ஒருவர் "தாடையில் ஊசி போடச் சொல்லிக் கேட்கப் போகிறேன்" என்றார், பகீரென்றது.

முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டு உடனே சரியானது, அதே கணக்கைத் தாடைக்கும் போட்டுவிட்டேன். தாடை வேறு. வளர்கிற பிள்ளைக்குத் தாடை மூட்டில் திரும்பத் திரும்ப ஸ்டீராய்டு ஏற்றினால் மூட்டுக்குள்ளேயே வேண்டாத எலும்பு முளைக்கலாம், தாடை வளர்ச்சியும் குறையலாம். அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பின் 2021 வழிகாட்டுதல் இந்த ஊசியைத் தடை செய்யவில்லை. ஆனால் சிக்கனமாக, முக்கியமாக எலும்பு வளர்ச்சி முடிந்தவர்களுக்குப் போடு என்கிறது. மகளுக்குப் போட்டது ஒன்றே ஒன்று, வாய் பூட்டிக்கொண்ட மாதிரி இருந்த நேரத்தில். இன்னொன்று கேட்டேன், டாக்டரம்மா மறுத்துவிட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம், இன்றைக்கு இல்லை.

அவளைத் தூக்கி நிறுத்தியது வாதத்தை அடக்குகிற மெத்தோட்ரெக்சேட் மருந்தும், அது போதாமல் பிறகு சேர்த்த அடலிமுமாப் ஊசியும். வலி மாத்திரை முதலில் கொடுத்தார்கள், அது மட்டும் போதவில்லை. அடலிமுமாப் தொடங்குவதற்கு முன்னால் காசநோய் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று தோல் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் கண்டிப்பாக எடுக்க வேண்டும். தடுப்பூசி ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள், உயிருள்ள கிருமி வகை ஊசிகளை இந்த மருந்துகளோடு போட யோசிப்பார்கள்.

3 ஜூலை

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு தடவை. வாரத்துக்கு. தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எங்கள் மருந்துக் கடைப் பையன் பழக்க தோஷத்தில் கவரில் '1-0-0', அதாவது தினமும் காலையில் ஒன்று, என்று எழுதிக் கொடுத்தான். நான் அதைக் கிழித்துவிட்டு 'சனிக்கிழமை மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். ஃபோலிக் ஆசிட் மாத்திரை வேறு நாளில். அதற்கு ரத்தப் பரிசோதனையும் அவ்வப்போது உண்டு, ஈரலுக்காக.

மாத்திரை மஞ்சள். சனிக்கிழமை மத்தியானமே இவளுக்குக் குமட்ட ஆரம்பித்துவிடும், மாத்திரையைக் கண்ணால் பார்க்கும் முன்பே. எலுமிச்சை சாதத்தை அறவே விட்டுவிட்டாள். பிறகு ஊசி வடிவத்துக்கு மாற்றினார்கள், அதுவும் மஞ்சள்தான். சிரிஞ்சில் பொம்மை ஸ்டிக்கர் சுற்றி மறைத்தோம். கொஞ்சம் தேவலை.

15 ஜூலை

சாரல் விழுகிறது, குற்றாலத்தில் கூட்டம், எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. அடலிமுமாப் ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜைத் திறக்காதே என்று வீட்டில் ஊரடங்கு போட்டிருக்கிறேன், பால் கூடப் பக்கத்து வீட்டில். முதல் தடவை திருவனந்தபுரத்திலிருந்து ஊசியை ஐஸ் பெட்டியில் வைத்து, பாலோடு என்கிற ஊர், குளத்துப்புழை வழியாகப் பஸ்ஸில் மடியில் சுமந்து வந்தேன். ஐஸ் மேலேயே வைத்திருந்தேன், அதுவும் தப்பாம். உறையக் கூடாது. துண்டில் சுற்றி வையுங்கள்.

விலை கேட்டவருக்கு: இந்த மருந்தின் நகல் வடிவத்தை நம் நாட்டு சைடஸ் நிறுவனம் 2014 டிசம்பரில் கொண்டுவந்தது, அப்படிப்பட்ட நகலில் உலகத்திலேயே முதலாவது. அதற்குப் பிறகு விலை இறங்கியிருக்கிறது. இறங்கியும் எங்களுக்குக் கனம்தான். ஒரு கேமராவை விற்றேன்.

கண் பற்றி எழுத மறந்துவிட்டேன், இது தாடையைவிட அவசரம். இந்த வாதம் கண்ணுக்குள்ளும் சத்தமில்லாமல் அழற்சி உண்டாக்கும். சிவக்காது, வலிக்காது. சின்ன வயதில், சில மூட்டில் மட்டும் வந்து, ஏ.என்.ஏ. என்கிற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆன பிள்ளைக்கு ஆபத்து அதிகம். கண் டாக்டரிடம் ஸ்லிட் லேம்ப் என்கிற உருப்பெருக்கி விளக்குப் பரிசோதனை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியாது.

20 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட புளியரைக்காரர் போன் பண்ணினார். பையனுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று, மூட்டு சுத்தம். வாய் 43 மில்லிமீட்டர் திறக்கிறது, நேராக. சத்தம் மட்டும்தான். "நீங்க சொன்னீங்கன்னு ராத்திரி தூங்கல அண்ணாச்சி" என்றார். சந்தோஷமாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. பல் முளைக்கிற வயது என்று சொன்னவர்கள் இந்தத் தடவை சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேனுக்கு ஆன செலவை நினைத்து நான் மன்னிப்புக் கேட்டேன். விடுங்கள், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படம் கையில் இருக்கிறது என்றார். முதலில் ஸ்கேலும் டாக்டரும், அப்புறம் ஸ்கேன் என்று நான் வரிசையாக எழுதியிருக்க வேண்டும்.

9 டிசம்பர்

ஐயப்பன்மார் வண்டி நெரிசலில் ஆரியங்காவு தாண்டவே இரண்டு மணி நேரம். பல் சீரமைப்பு டாக்டர் கீழ்ப்பல்லுக்கு ஒரு தட்டு செய்து கொடுத்திருக்கிறார். நோய் வந்த பக்கம் கனமாக இருக்கும், அந்தப் பக்கம் மூட்டுக்குப் பாரம் குறையும், தாடை இறங்கி வளர இடம் கிடைக்கும். சில மாதத்துக்கு ஒரு தடவை அதை உயர்த்துவார். அழற்சி அடங்கினால்தான் இது வேலை செய்யும், அடங்காமல் தட்டு மட்டும் மாட்டிப் பயனில்லை. கோணல் மிச்சமிருந்தால் வளர்ச்சி முடிந்த பிறகு அறுவை பற்றிப் பேசலாம் என்றார். அவளுக்கு வயது பத்து. தட்டை மாட்டினால் 'ச' எல்லாம் 'ஷ' ஆகிறது. "ஷாம்பார்" என்கிறாள்.

வாய் 37.

17 ஜூன் 2024

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, மறுபடி அடையாள அட்டை. மகள் ஸ்டூலில் உட்கார்ந்தாள், எடுத்தேன். நாடி இடப்பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2021 அளவுக்கு இல்லை. வாய் 40. திரையைப் பார்த்துவிட்டு, "அப்பா, லேசா நேராக்கிருங்களேன், எல்லாரும் கேக்காங்க" என்றாள். முடியாது என்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. பதினொரு வயதுப் பெண்ணின் அட்டை, வருடம் முழுக்கக் கழுத்தில் தொங்கப் போகிறது. இரண்டு ஃபைல் வைத்தேன், பள்ளிக்கு நேராக்கியது, டாக்டருக்கு உள்ளபடியே.

17 ஜூன், இரவு

இரண்டையும் மாற்றி அனுப்பிவிட்டேன். டாக்டரம்மா "நல்ல இம்ப்ரூவ்மென்ட்" என்று கட்டைவிரல் போட்டிருக்கிறார். காலையில் போன் பண்ணிச் சொல்ல வேண்டும்.